இரண்டு பெட்டிக்கு ஒரு சாவி

முப்பத்தொரு வருடமாகச் சோப்பு ஆலையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் வெறும் தண்ணீரில்தான் குளிப்பேன். இதைக் கேட்டால் யாரும் சிரித்துவிடுவார்கள். நேற்று நீங்கள் சிரிக்கவில்லை. விசாரணைக்கு வந்த இடத்தில் அதிகாரி சிரிக்கக் கூடாது என்று விதி ஏதும் இருக்கிறதோ என்னவோ. அச்சு அறையில் எட்டு மணி நேரம் நின்று, ஒரு நாளைக்கு ஆறாயிரம் கட்டிகளில் பூப்படம் அழுத்துகிறவன் நான். கணக்குப் போட்டால் உலகத்தில் என் அளவுக்குப் பூ வைத்தவன் வேறு எவனும் இருக்க முடியாது.

எழுதக் கொடுத்த காகிதம் நன்றாக இருக்கிறது. மை ஊறவில்லை. என் இழுப்பறையில் கிடைத்த மூன்று சீட்டுகளைப் பற்றி மட்டும் எழுதினால் போதும், ஊர்க்கதை வேண்டாம் என்றீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது ஐயா, அப்படி எழுத வராது. சீட்டு என்றால் எங்களுக்கு என்ன என்று தெரியாதவருக்கு அந்த மூன்றும் வெறும் துண்டுக் காகிதம். ஆகவே கொஞ்சம் பின்னாலிருந்தே வருகிறேன்.

ஆலைக்குப் பின்னால் பழைய எண்ணெய்ப் பீப்பாய்க் கிடங்கு ஒன்று இருக்கிறதே, அதுதான் எங்கள் கூடம். சுவரில் சாய்ந்தால் சட்டையில் கறை ஒட்டும். நூற்று நாற்பது குடும்பங்கள். எங்களுக்குச் சாமிப் படமும் கிடையாது, புத்தகமும் கிடையாது. வாராவாரம் விடுமுறை நாளில் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அதன் பிறகு சீட்டு வாசிப்போம். எங்கள் வழிபாடே அவ்வளவுதான்.

வாசலில் ஒரு மரப்பெட்டி. யாருக்கு என்ன கவலையோ அதைப் பெயர் போடாமல் எழுதி அதில் போடலாம். கூடத்தின் பெரியவர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரே வார்த்தை சொல்வார்கள்: "எங்களுக்கும்." அந்தக் கவலை இனி எங்களுடையதும்தான் என்று பொருள். எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. முடிந்தவர்கள் முடிந்ததைச் செய்வார்கள், பொருள் என்றால் வாசல் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். வாசிக்கப்பட்ட சீட்டுகள் மறுநாள் கொதிகலன் அடுப்பில் போய்ச் சேரும்.

சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது வேலை செய்தது. ஒரு தடவை, "என் மாமியார் விடும் குறட்டையில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்" என்று ஒரு சீட்டு வந்தது. எல்லோரும் "எங்களுக்கும்" என்று சொன்னோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர்கள் மருமகள்கள். அடுத்த வாரம் வாசல் பலகையில் ஒரு பொட்டலம் பஞ்சு இருந்தது. இன்னொரு தடவை யாருக்கோ மூக்குக்கண்ணாடி உடைந்திருக்கிறது. பலகையில் ஏழு கண்ணாடிகள். போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். யார் எடுத்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு எல்லோர் கையெழுத்தும் தெரியும்.

நான்தான் அந்தப் பெரியவர். பன்னிரண்டு வருடங்கள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை முற்றத்தில் கூடுவோம். யார் பெரியவராக வேண்டுமோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். வரிசை நீளமாக இருப்பவருக்குப் பெட்டியின் சாவி. மூன்று முறையும் என் பின்னால்தான் நின்றார்கள், ஏனென்றால் முன்னால் நின்றவன் நான் ஒருவன்தான். அந்தப் பதவிக்குச் சம்பளம் இல்லை. ஒரு நாற்காலி உண்டு, அதில் ஒரு மெத்தை. முதல் கோப்பைத் தேநீர் நம் கைக்கு வரும். அதைவிட, சீட்டைப் பிரித்துவிட்டு வாசிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, நூற்று நாற்பது குடும்பமும் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆலையில் என்னை ஒரு கழுதையும் திரும்பிப் பார்க்காது. அந்த ஒரு மூச்சுக்காக நான் எதுவும் செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மூன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் கூடத்தின் கூரை ஒழுகியது. நான் அதைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். என் தங்கை வீட்டுக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். கொதிகலன் பார்க்கிறவர் அவர். கொதிகலன்காரர் என்றுதான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இரண்டு நாள் கூரையிலேயே குடியிருந்து அடைத்தார். இறங்கும்போது முழங்கையெல்லாம் தார். அன்று குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

"அடுத்த தடவை கொதிகலன்காரர் பின்னாடி நின்னா என்ன?"

"அவரு ஒத்துக்க மாட்டாரே."

"நிக்க வச்சா நிப்பாரு. பேசத் தெரியாத ஆளு, ஆனா செய்யத் தெரியுது பாரு."

உப்புப் பெறாத பேச்சுதான். ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று வெளிப்படையாகவே எழுதிக்கொள்ளுங்கள். வேறு அழகான வார்த்தை தேட வேண்டாம்.

இப்போது நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஆலையில் இரண்டு பகுதிகள். கொழுப்பையும் காரத்தையும் கொப்பரையில் காய்ச்சுகிறவர்கள் ஒரு கொட்டகை. ஆறிய சோப்பைக் கம்பியால் வெட்டி, அச்சு வைத்து, காகிதம் சுற்றுகிறவர்கள் இன்னொரு கொட்டகை. நடுவில் ஒரு கதவு. காய்ச்சுகிறவர்கள்மேல் கொழுப்பு வாடை, எங்கள்மேல் மல்லிகை வாடை. கூடத்தில் கலந்துதான் உட்காருவார்கள். கலந்து உட்கார்ந்தால் முற்றத்தில் ஒரே வரிசையாக நிற்பார்கள். ஒரே வரிசையாக நின்றால் அது கொதிகலன்காரர் பின்னால்தான் நிற்கும்.

பெட்டியைத் திறக்கிறவர் தனக்காகச் சீட்டுப் போடக் கூடாது என்பது எங்கள் முறை. நான் எனக்காகப் போடவில்லை. ஒரு வெட்டுகிறவர் என்ன எழுதுவாரோ அதை அவருக்காக எழுதினேன்: "என் பக்கத்தில் உட்காருபவர் கொப்பரையிலிருந்து நேராக எழுந்து வருகிறார். கண்ணை மூடினால் கடவுள் தெரியவில்லை, கொழுப்புத்தான் தெரிகிறது. எனக்குப் பொறுமை வேண்டும்."

வாசித்து முடித்ததும் கூடமே சிரித்தது. காய்ச்சுகிறவர்களும் சிரித்தார்கள். வெட்டும் பகுதியில் கட்டைக்குரல் என்று ஒருவன் இருக்கிறான், பெயருக்கேற்ற தொண்டை. அவன் வேண்டுமென்றே இழுத்து, "எங்களுக்கும்" என்றான். மறுபடியும் சிரிப்பு. இந்த முறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரத்துச் சீட்டை இடது கையால் எழுதினேன். "நாங்கள் காய்ச்சாவிட்டால் வெட்டுகிறவர்கள் காற்றைத்தான் வெட்ட வேண்டும். மணக்கிறவர்களுக்கு இது மறக்காமல் இருக்க வேண்டும்." இதற்கு "எங்களுக்கும்" ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. கொஞ்சம் பலமாகவே வந்தது.

அன்று மாப்பிள்ளை, அதுதான் கொதிகலன்காரர், என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"மச்சான், யாரு எழுதினாங்கன்னு கேக்கல. கேக்கக் கூடாதுன்னு தெரியும். ஆனா இந்த மாதிரி வந்தா வாசிக்காம விட்டுடுங்களேன்."

"அது எப்படி மாப்பிள்ளை? பெட்டியில வந்ததை எல்லாம் வாசிக்கணும். இதை வாசிப்பேன், அதை வாசிக்க மாட்டேன்னு சொல்ல நான் யாரு?"

அவர் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். முறைன்னா முறைதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வாதாடுவது மிகவும் சுலபம்.

நான் எழுதியது மொத்தம் ஏழு சீட்டுகள். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளலாம். ஏழே ஏழு. ஐந்தாவது வாரத்திலிருந்து பெட்டி தானாகவே நிரம்ப ஆரம்பித்தது. வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் கூடத்தில் முன்னால் உட்காருகிறார்கள் என்று ஒன்று. காய்ச்சுகிறவர்கள் பலகையிலிருந்து எடுக்கிறார்களே தவிர வைப்பதில்லை என்று இன்னொன்று. யார் எதை எடுத்தார்கள் என்று பட்டியலே போட்டு ஒருவர் எழுதியிருந்தார், பாதி தப்பு. கவலை எழுதிய கையெல்லாம் புகார் எழுதப் பழகிவிட்டது. நான் ஒன்றுவிடாமல் வாசித்தேன், சோகமான குரலில். இடையிடையே, "சகோதரர்களே, நமக்குள் இது நல்லதா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததைப் பிரிப்பேன்.

முதலில் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பிறகு நடுவில் படுதா கட்டினார்கள். படுதா அசைந்தால் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சண்டை வந்ததால் பலகையடித்தார்கள். பலகை வழியாகச் சத்தம் கேட்கிறது என்று காய்ச்சுகிறவர்கள் காலையிலும், வெட்டுகிறவர்கள் மாலையிலும் வர ஆரம்பித்தார்கள். பெட்டியும் இரண்டாயிற்று. முற்றத்தில் கூடி நின்று பெரியவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு அத்தோடு போயிற்று. ஒரே முற்றத்தில் நிற்கவே மாட்டோம் என்கிறவர்கள் எந்த வரிசையில் நிற்பது? ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தார்கள். இரண்டு பெட்டியையும் நான்தான் திறக்க வேண்டும் என்றார்கள். எந்தப் பக்கமும் சாயாதவர் நான் ஒருவன்தானாம். அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை. முன்பு வாரத்துக்கு ஒரு கோப்பை முதல் தேநீர். இப்போது இரண்டு.

ஆலையிலும் அப்படியே ஆயிற்று. நடுக்கதவுக்கு வெட்டும் பகுதிக்காரர்கள் தங்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தார்கள். கொழுப்பு வாடை வருகிறதாம். முப்பது வருடமாக வராத வாடை. காய்ச்சுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தேநீர் நேரத்தில் வந்து அந்தக் கதவை டம்டம் என்று தட்டிவிட்டு ஓடுவார்கள். முதல் வாரம் கட்டைக்குரல் பாய்ந்து போய்த் திறப்பான். ஆள் இருக்காது, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு மாதத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழகிவிட்டார்கள். நாற்பது வயது ஆட்கள், ஐயா. அந்தக் காலத்தில் எனக்கு ஆலைக்குப் போவதே ஒரு உற்சாகமாக இருந்தது.

கூடத்துக்கு வருகிறவர்கள் குறைய ஆரம்பித்ததை நான் கவனித்தேன். கால் மணி நேர மௌனத்தில் முன்பெல்லாம் ஒரு கனம் இருக்கும். இப்போது செருமலும் கொட்டாவியும். "எங்களுக்கும்" என்று சொல்கிற குரல்கள் தேய்ந்துகொண்டே வந்தன. ஒரு குழந்தை தன் அம்மாவிடம், "கடவுள் காலையில வருவாரா, சாயங்காலம் வருவாரா?" என்று கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை.

இனி சீட்டுகளுக்கு வருகிறேன்.

போன மாரிக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மாப்பிள்ளையின் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கொதிகலன் முன்னால் நிற்கிறவருக்கு எதற்கு இஸ்திரி என்று கேலி செய்தேன். எப்போதும் பதிலுக்குப் பதில் சொல்கிறவள், அன்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, அவரு சரியா சாப்பிடறதே இல்ல. ஆவி அதிகமானா தானாத் திறந்து வெளியேத்துற வால்வு இருக்குல்ல, அதைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்களாம். அடிக்கடி திறந்துக்கிட்டு ஆவி வீணாப் போகுதுன்னு மேலாளர் கட்டச் சொல்லிட்டாரு. இவரு போய்ச் சொன்னா, பயமா இருந்தா வேற வேலை பாருங்கிறாரு."

"அப்படியா?"

"ஒரே ஒரு நாள் வெட்டுற பக்கமும் சேர்ந்து வேலையை நிறுத்தினா மறுநாளே மாத்திடுவாங்க. இவங்க மட்டும் நிறுத்தினா, பழைய சரக்கு இருக்கு, வெட்டிக்கிட்டே இருப்பாங்க. ஆனா அந்தப் பக்கம் போய்க் கேக்க இவருக்கு மானம் தடுக்குது. நீ சொல்லேன் அண்ணா."

நான் சொல்லியிருக்கலாம். ஆலையில் என் இடத்திலிருந்து பதினைந்து அடி நடந்தால் கட்டைக்குரலின் மேஜை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு நாள் சேர்ந்து நின்றால், அந்த ஒரு நாளில் என்னென்ன பேசிக்கொள்வார்கள்? "நாங்க எப்ப அப்படி எழுதினோம்?" என்று ஒருவன் கேட்பான். "நாங்களும் எழுதலையே" என்று இன்னொருவன் சொல்வான். சேர்ந்து நின்றது யாருக்காக? கொதிகலன்காரருக்காக. அப்புறம் அந்த வரிசை கலையுமா?

"பெட்டி எதுக்கும்மா இருக்கு? எழுதிப் போடு. நான் பக்கம் பார்க்கிறவன் இல்லைன்னு ஊருக்கே தெரியும். உனக்காகத் தனியாப் போய்ச் சொன்னா அது என்ன பேச்சாகும்?" என்றேன்.

அவளுக்கு முகம் தெளிந்தது. "நீ சொல்றதும் சரிதான்," என்றாள். அந்தக் குடும்பமே அப்படித்தான், முறை என்று சொல்லிவிட்டால் போதும். பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

முதல் சீட்டு அந்த வாரமே வந்தது. காய்ச்சுகிறவர்கள் பெட்டியில் இல்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய் வெட்டுகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கிறாள், அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. கையெழுத்தை மாற்ற முயன்றிருந்தாள், பாவம். அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நீங்கள் எடுத்துவைத்திருக்கும் மூன்றில் மடிப்பு அதிகமாக இருப்பது அதுதான்: "கொதிகலனின் வால்வைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நிற்பவர் என் வீட்டில் எல்லோருக்கும் ஆதாரம். ஒரு நாள் எங்களோடு நில்லுங்கள்."

மாலைக் கூட்டத்தில் அதைப் பிரித்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு, வேறொன்றைச் சொன்னேன். காய்ச்சுகிற பக்கத்துப் பெண்கள் குழாயடியில் நம் வாளியை நகர்த்துகிறார்கள் என்று. அது நான் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியது. இதையும் சேர்த்தால் எட்டு. மேலே ஏழு என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். வாளிக்கு "எங்களுக்கும்" பிரமாதமாக வந்தது.

இரண்டாவது சீட்டு மூன்று வாரம் கழித்து. "போன தடவை எழுதியதை நீங்கள் மறந்திருக்கலாம்" என்று ஆரம்பிக்கிறது. மூன்றாவதில் நீங்கள் பார்த்த அந்த ஒரே வரிதான்: "சண்டையெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்." இந்த இரண்டையும் கூட்டத்தில் வாசிக்காமலே மடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றையும் ஏன் கிழித்துப் போடவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு வலித்தது அதுதான். வேண்டுதலைக் கிழிப்பது எங்களில் பெரிய பாவம், ஐயா. வாசித்த சீட்டைத்தான் அடுப்பில் போடலாம். வாசிக்காததை வைத்துக் காப்பாற்ற வேண்டும். நான் காப்பாற்றினேன். எங்கள் நம்பிக்கையை நான் ஒரு நாளும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

சம்பவம் நடந்த அன்று காலை தேநீர் நேரம். காய்ச்சும் கொட்டகையில் அந்த ஷிப்டில் இருந்த மற்ற ஐந்து பேரும் வெளியே பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் உள்ளே இருந்தார். வெடிக்கவெல்லாம் இல்லை. ஆவிக்குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. எங்கள் பக்கம் ஒரு சீறல்தான் கேட்டது. அந்தக் கொட்டகையில் ஏதாவது ஒன்று எப்போதும் சீறிக்கொண்டுதான் இருக்கும். வாசல் பக்கம் முழுக்க ஆவி அடைத்துக்கொண்டது என்றும், உள்ளே வராதீர்கள் என்று அவர் வெளியே இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார் என்றும் பிறகு சொன்னார்கள். அவருக்கு இருந்த ஒரே வழி நடுக்கதவு.

தட்டுகிற சத்தம் கேட்டது. டம்டம் என்று. கட்டைக்குரல் தேநீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆரம்பிச்சுட்டானுங்க," என்றான்.

காகிதம் சுற்றுகிற பெண் ஒருத்தி, "இன்னைக்கு ரொம்ப நேரமாத் தட்றாங்களே," என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் எதற்கும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"விடும்மா. நாம திறந்தா அவங்களுக்குச் சிரிப்பு," என்றேன்.

தேநீர் நேரத்திலும் நான் அச்சு வைப்பதை நிறுத்துவதில்லை, அன்றும் நிறுத்தவில்லை. ஒரு தட்டுக்கு நாற்பது கட்டிகள். அந்தத் தட்டு முடியும்போது சத்தம் நின்றிருந்தது. ஒன்றிலும் பூ கோணலாக விழவில்லை. தட்டு இன்னும் அங்கேதான் இருக்கும், பார்க்கலாம்.

கம்பி கட்டச் சொன்னது மேலாளர். தாழ்ப்பாள் அடித்தது வெட்டும் பகுதி. தட்டிவிட்டு ஓடி ஓடி அந்தச் சத்தத்துக்கு மதிப்பில்லாமல் செய்தது காய்ச்சும் பகுதி. இப்படிப் பிரித்துப் பார்த்தால் என் பங்கு மிகச் சிறியது என்று நேற்று மாலை வரை உங்களிடம் வாதாடினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டீர்கள். கடைசியில், கதவைத் தட்டியது விளையாட்டு என்று நினைத்தீர்களா என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எங்கள் கொட்டகையில் இருந்த மற்ற இருபத்தாறு பேரும் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. வால்வைப் பற்றி எங்கள் பக்கத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று முறை எனக்கு எழுத்தில் வந்திருந்தது. முதல் தட்டலிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து ஓடித் திறந்திருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டால் சீட்டு வெளியே வரும். சீட்டு வந்தால் சாவி போகும். நாற்பது கட்டிக்கு அச்சு வைக்கிற நேரம் யோசித்தேன், யோசித்து முடிப்பதற்குள் யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. என் தங்கை கணவரை நான்தான் கொன்றேன். இந்த வரியைத் திரும்பப் படித்துப் பார்த்துத்தான் விட்டுவைத்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு தங்கை என்னை உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, கேக்கக் கூடாதுதான். கேக்காம இருக்க முடியல. அந்தப் பக்கத்துப் பெட்டியில மூணு தடவை ஒரு சீட்டு வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"வாசிச்சியா?"

"பெட்டியில வந்ததை வாசிக்காம இருப்பேனா?"

"ஒருத்தர்கூட எங்களுக்கும்னு சொல்லலையா?"

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவான். ஏற்கெனவே கணவனை இழந்தவள். நான் மெதுவாக, "கட்டைக்குரல் கொட்டாவி விட்டான்," என்றேன்.

அவள் அழவில்லை. சீட்டு எழுதிய தன் கையைப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா யாருக்காகண்ணா எங்களுக்கும், எங்களுக்கும்னு சொல்லிட்டு இருந்தேன்? குறட்டைக்குக்கூடச் சொன்னேனே," என்றாள். அன்றிலிருந்து அவள் கூடத்துக்கு வருவதில்லை, கண்ணை மூடி உட்காருவதும் இல்லை. கடவுள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாள். அவள் சொன்னது ஒரு வாரத்தில் காய்ச்சும் பகுதி முழுக்கப் பரவி, அவர்களும் நின்றுவிட்டார்கள். தங்களைக் கொலைகாரர்கள் என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வெட்டும் பகுதியும் நின்றுவிட்டது. போன வாரம் காலையும் மாலையும் போய் இரண்டு பெட்டியையும் திறந்தேன். இரண்டிலும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். தேநீர் போட்டுக் கொடுக்கவும் ஆள் இல்லை.

நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே நடையில் பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாளாகத் துவைத்த சட்டையும் சாப்பாடும் கொண்டுவந்து, என் அண்ணன் ஒருத்தன்தான் அந்தச் சீட்டை வாசித்தவன், அவனைப் போய்ப் பிடித்து வைத்திருக்கிறீர்களே என்று உங்கள் காவலரோடு சண்டை போடுகிறாள். இன்றைக்கும் அவள் குரல் இங்கே கேட்கிறது. அந்த மூன்று சீட்டையும் அவளிடம் காட்டாதீர்கள், ஐயா. அவளுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது, கடவுள்மேலும் போய்விட்டது. மிச்சமிருப்பது என்மேல் மட்டும்தான், அதையும் கெடுக்கிற பாவத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.